தொட்டிக்குள் ஒரு கடல்: அலைகளை ஆராயும் ஆய்வுக்கூடத்தின் கதை

மாணவர்களே, வீட்டில் உலக வரைபடம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சுமத்திராவின் வடமேற்குக் கரைக்குச் சற்று அப்பால், கடலில் ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து பினாங்குக்கு ஒரு கோடு, சென்னைக்கு ஒரு கோடு போடுங்கள். பினாங்குக் கோட்டின் நீளம் சுமார் 530 கிலோமீட்டர். சென்னைக் கோட்டின் நீளம் சுமார் 2,000 கிலோமீட்டர்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள், மலேசிய நேரப்படி காலை 8.58 மணிக்கு, நீங்கள் வைத்த அந்தப் புள்ளியில் கடலடி நிலநடுக்கம் தொடங்கியது. அதில் பிறந்த ஆழிப்பேரலை சுமார் இரண்டரை மணி நேரத்தில் சென்னையைத் தாக்கியது. பினாங்கை அடைந்தபோது நம் கடிகாரத்தில் பிற்பகல் 1 மணி கடந்திருந்தது. அதாவது நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது.

நான்கு மடங்கு தொலைவில் இருக்கும் ஊருக்கு அலை முதலில் போய்ச் சேர்ந்தது. பக்கத்தில் இருக்கும் ஊருக்குப் பிந்தி வந்தது. இது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், அலைகளைத் தொட்டிக்குள் அடைத்து ஆராயும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களின் கதைக்குள் போய்விடுவோம். அதில் ஒன்று சென்னையிலேயே இருக்கிறது.

ஆழம் சொல்லும் வேகம்

அலைநீளத்தோடு ஒப்பிடும்போது கடலின் ஆழம் மிகக் குறைவாக இருந்தால், அலையின் வேகத்தைக் கணக்கிட ஓர் எளிய சூத்திரம் உண்டு.

வேகம் = √(ஈர்ப்பு முடுக்கம் × ஆழம்)

சுனாமியின் அலைநீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இருக்கலாம். ஆகவே 4 கிலோமீட்டர் ஆழமுள்ள பெருங்கடல்கூட அதற்கு ஆழமற்ற தண்ணீர்தான். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆழம் 4,000 மீட்டர் என்றால் 9.8 × 4,000 = 39,200. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 198. விநாடிக்கு 198 மீட்டர் என்பது மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் அதிகம். பயணிகள் விமானத்தின் வேகத்தை நெருங்கிவிடுகிறது.

இனி நம் மலாக்கா நீரிணைக்கு வருவோம். 50 மீட்டர் ஆழமுள்ள பகுதியில் 9.8 × 50 = 490. அதன் வர்க்கமூலம் சுமார் 22. விநாடிக்கு 22 மீட்டர், அதாவது மணிக்கு 80 கிலோமீட்டர். ஈப்போ சாலையில் போகும் காரின் வேகம்தான். விமான வேகத்தில் ஓடிவந்த அலை, நீரிணையின் ஆழமற்ற தரைக்கு வந்ததும் கார் வேகத்துக்கு இறங்கிவிட்டது.

வேறு இரண்டு காரணங்களும் உண்டு. சுமத்திராத் தீவு குறுக்கே நிற்பதால் அலை அச்சேயின் வடமுனையைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது. மேலும், அன்று பெயர்ந்தது ஒரு புள்ளி மட்டும் அல்ல. சுமத்திராவிலிருந்து அந்தமான் தீவுகள் வரை 1,200 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்குக் கடலடிப் பாறை விலகியது. அந்தப் பிளவின் வடபகுதிக்கு நேர் மேற்கில், ஆழ்கடலுக்கு அப்பால் சென்னை இருந்தது.

வேகம் குறைவது நல்ல செய்திபோலத் தோன்றும். ஆனால் அலையின் முன்பகுதி வேகம் குறையும்போது பின்பகுதி இன்னும் வேகமாக வந்துகொண்டிருக்கிறது. அதனால் அலை நெருக்கப்பட்டு உயரும். ஆழம் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்தால் அலையின் உயரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். நடுக்கடலில் கப்பலில் இருப்பவர் உணராத அலை, கரையில் சுவராக எழுவது இதனால்தான்.

படிவம் 4 இயற்பியலில் சிற்றலைத் தொட்டியைப் பயன்படுத்தியிருப்பீர்கள். மலாயில் 'தங்கி ரியாக்' என்கிறோம். தொட்டிக்குள் ஒரு கண்ணாடித் தகட்டைப் போட்டு ஆழத்தைக் குறைத்தால் அலைக்கோடுகள் நெருங்கி வருவதைப் பார்த்திருப்பீர்கள். பினாங்குக்கு அலை தாமதமாக வந்ததும் அதே விதியால்தான்.

குதிரையில் துரத்திய அலை

அலையைத் தொட்டியில் வைத்து ஆராயும் பழக்கம் நீண்ட காலமாக இருந்துவருகிறது. 1834-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு அருகே ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்ற பொறியாளர் ஒரு கால்வாய்க் கரையில் படகுகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். குதிரைகள் இழுத்துவந்த படகு திடீரென நின்றது. அதன் முன்னால் குவிந்த தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. ஒற்றை மேடாகத் திரண்டு, வடிவம் கலையாமல் கால்வாயில் ஓடத் தொடங்கியது. ரஸ்ஸல் குதிரையில் ஏறி அதைத் துரத்திச் சென்றார். ஒன்றிரண்டு மைல் தூரம் போனபிறகே அலை மறைந்தது.

பார்த்ததோடு அவர் விட்டுவிடவில்லை. வீட்டில் ஒரு நீண்ட தொட்டி கட்டி, அந்த அலையைத் திரும்பத் திரும்ப உண்டாக்கி அளந்தார். தண்ணீரின் ஆழமும் அலையின் உயரமும் கூடக் கூட வேகமும் கூடுவதைக் கண்டார். இன்று இதைத் 'தனியலை' என்கிறோம். பல சுனாமி ஆய்வுக்கூடங்கள் பல ஆண்டுகளாகப் பேரலைக்குப் பதிலாகத் தொட்டியில் உண்டாக்கியது ரஸ்ஸல் துரத்திய இந்த அலையைத்தான்.

சென்னையில் ஓர் அலைத்தொட்டி

ஐ.ஐ.டி. மெட்ராஸ் 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பட்டது. அங்கே கடல் பொறியியல் மையம் என்ற பெயரில் ஒரு பிரிவு உருவாகி, பின்னாளில் தனித் துறையாக வளர்ந்தது. துறைமுகம், கப்பல், எண்ணெய் மேடை, கடலரிப்பு என்று கடலோடு சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் ஆராய்வது அதன் வேலை.

அந்தத் துறையின் ஆய்வுக்கூடத்தில் உள்ள அலைக்கால்வாய் ஒன்றின் நீளம் 72.5 மீட்டர். அகலம் 2 மீட்டர், ஆழம் 2.7 மீட்டர். இரண்டு வகுப்பறைக் கட்டடங்களை நீளவாக்கில் அடுக்கியதுபோலக் கற்பனை செய்துகொள்ளலாம். இதைத் தவிர 30 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் 3 மீட்டர் ஆழமும் கொண்ட சதுரத் தொட்டியும் உண்டு. கால்வாயில் அலை ஒரே திசையில்தான் போகும். சதுரத் தொட்டியில் பக்கவாட்டிலும் பரவும்.

கால்வாய் வேலை செய்யும் முறை எளிது. ஒரு முனையில் ஒரு பெரிய தள்ளுபலகை. இயந்திரம் அதை முன்னும் பின்னும் நகர்த்தும்போது தண்ணீர் அலையாக எழும். மறுமுனையில் அலையை விழுங்கும் சரிவு. அது இல்லாவிட்டால் அலை சுவரில் மோதித் திரும்பிவந்து சோதனையைக் கெடுத்துவிடும். உண்மையான கடலில் அப்படிச் சுவர் கிடையாதல்லவா? நடுவில் ஆராய வேண்டிய பொருளின் சிறிய மாதிரி நிற்கும். தண்ணீர் மட்டம் ஏறி இறங்குவதை மெல்லிய கம்பி உணரிகள் நொடிக்குப் பலமுறை அளந்து கணினிக்கு அனுப்பும்.

சிறிய கடலுக்கும் ஒரு சட்டம்

என் மாணவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பொம்மைத் துறைமுகத்தை பொம்மை அலை அடித்தால், அது உண்மையான துறைமுகத்தைப் பற்றி எப்படிச் சொல்லும், சார்?"

நியாயமான கேள்வி. இதற்கு விடை தந்தவர் இங்கிலாந்தின் வில்லியம் ஃப்ரூட். 1870-களின் தொடக்கத்தில் டார்க்கீ என்ற ஊரில் தன் வீட்டருகே அவர் ஒரு நீண்ட தொட்டி கட்டினார். கப்பல் மாதிரிகளை அதில் இழுத்துப் பார்த்து, சிறிய கப்பலின் கணக்கைப் பெரிய கப்பலுக்கு மாற்றும் வழியைக் காட்டினார்.

அந்த வழியின் சாரம் இதுதான். நீளத்தை 25 மடங்கு சுருக்கினால், நேரத்தை 25 மடங்கு சுருக்கக் கூடாது. அதன் வர்க்கமூலமான 5 மடங்குதான் சுருக்க வேண்டும். கடலில் 10 விநாடிக்கு ஒருமுறை வரும் அலையைக் குறிக்கத் தொட்டியில் 2 விநாடிக்கு ஓர் அலை அனுப்ப வேண்டும். எடை 25 × 25 × 25, அதாவது 15,625 மடங்கு குறையும். 3,000 டன் கட்டுமானம் ஒன்றின் மாதிரி ஏறக்குறைய 192 கிலோதான் இருக்கும். நான்கைந்து பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம்.

3,000 டன் என்ற எண்ணைச் சும்மா எடுக்கவில்லை.

விழிஞ்ஞத்தில் நின்ற பெட்டி

1980-களின் தொடக்கத்தில் ஐ.ஐ.டி. மெட்ராஸில் கடலலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆராய்ச்சி தொடங்கியது. இந்திய அரசின் கடல் மேம்பாட்டுத் துறை பணம் கொடுத்தது. பேராசிரியர் எம். ரவீந்திரன் முன்னின்று நடத்தினார். பல வகைக் கருவிகளை ஒப்பிட்டுப் பார்த்து, கடைசியில் 'அலைவுறும் நீர்த்தூண்' என்ற முறையைத் தேர்ந்தெடுத்தனர்.

அடியில் திறப்புள்ள ஒரு பெரிய கான்கிரீட் பெட்டியைக் கடலில் நிறுத்துவார்கள். அலை வரும்போது பெட்டிக்குள் தண்ணீர் உயர்ந்து உள்ளே இருக்கும் காற்றைத் தள்ளும். அலை இறங்கும்போது காற்று திரும்ப உறிஞ்சப்படும். அந்தக் காற்றின் பாதையில் ஒரு சுழலி. காற்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே திசையில் சுற்றும்படி அதன் இறக்கைகள் அமைக்கப்பட்டிருந்தன.

கேரளத்தின் விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில், அலைதடுப்புச் சுவருக்கு வெளியே, 3,000 டன் எடையுள்ள அந்தப் பெட்டி 1990 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. 150 கிலோவாட் திறனுள்ள அந்த நிலையம் 1991-இல் மின்சாரம் தந்தது. தொட்டியில் தொடங்கிய ஆராய்ச்சி கடலில் இறங்கி நின்ற நாள் அது. 1993-இல் சென்னையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தொடங்கப்பட்டபோது, ரவீந்திரனே அதன் முதல் இயக்குநரானார்.

இந்த வேலை இன்னும் முடியவில்லை. 2022 நவம்பரில் தூத்துக்குடிக் கரையிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தொலைவில், 'சிந்துஜா-1' என்ற மிதவைக் கருவியை ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தனர். பேராசிரியர் அப்துஸ் சமது தலைமையிலான குழு அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

இப்படித் துறைமுகம், கடலரிப்பு, மின்சாரம் என்று வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் 2004 டிசம்பர் 26 வந்தது. அந்த ஆய்வுக்கூடத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் சென்னைக் கடற்கரைகளில், காலை நடைக்குப் போனவர்களும் மீனவக் குடும்பங்களும் அலையில் சிக்கினர். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் இறந்தனர். அவர்களில் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தவர்கள். மலேசியாவில் 68 உயிர்கள் போயின. பெரும்பாலானோர் பினாங்கில் இறந்தவர்கள். நம் பேராக்கிலும் மூவர் இறந்தனர்.

நாட்டின் சிறந்த அலை ஆய்வுக்கூடங்களில் ஒன்று பக்கத்திலேயே இருந்தும் ஏன் காப்பாற்ற முடியவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அலை ஆய்வுக்கூடம் வேறு, எச்சரிக்கை நிலையம் வேறு. 'இந்த உயரத்தில் அலை வந்தால் இந்தச் சுவர் தாங்குமா?' என்ற கேள்விக்குத் தொட்டி விடை சொல்லும். 'இப்போது அலை வருகிறதா?' என்ற கேள்விக்கு அதனால் விடை சொல்ல முடியாது. அதற்கு நிலநடுக்கத்தைப் பதிவு செய்யும் கருவிகளும், ஆழ்கடலின் அடியில் நீரழுத்தத்தை அளக்கும் உணரிகளும், செய்தியைக் கரைக்குக் கொண்டுசேர்க்கும் ஆட்களும் வேண்டும். பசிபிக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளுக்கு அப்படி ஓர் அமைப்பு பல பத்தாண்டுகளாக இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது இல்லை.

அதன்பிறகு உருவாயின. மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் கீழ் 2005-இல் சுனாமி எச்சரிக்கை அமைப்பு தொடங்கியது. இந்தியாவின் எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் செயல்படத் தொடங்கியது. அதற்குத் தேவையான ஆழ்கடல் மிதவைகளைக் கவனித்துக்கொள்வது, ரவீந்திரன் முதலில் இயக்குநராக இருந்த அதே சென்னைக் கழகம்தான்.

சுனாமி தொட்டிக்குள் அடங்குமா?

எச்சரிக்கை ஒருபுறம் இருக்க, ஆய்வுக்கூடத்துக்கும் புதிய வேலை வந்தது. பேரலையையே தொட்டிக்குள் கொண்டுவர வேண்டும். இங்கேதான் பெரிய சிக்கல்.

ஃப்ரூட் காட்டிய வழியில் கணக்குப் போடுவோம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் சுனாமியை எடுத்துக்கொள்வோம். அது 1,200 விநாடி. நீளத்தை 100 மடங்கு சுருக்கினால் நேரம் 10 மடங்கு சுருங்கி 120 விநாடியாகும். தொட்டியில் ஒரு மீட்டர் ஆழம் தண்ணீர் இருந்தால் அலையின் வேகம் √9.8, அதாவது விநாடிக்கு சுமார் 3.1 மீட்டர். 120 விநாடிக்குள் அது ஏறக்குறைய 375 மீட்டர் போய்விடும். அதுதான் அந்த அலையின் நீளம். நம் சென்னைக் கால்வாயின் நீளமோ 72.5 மீட்டர். ஐந்துக்கும் மேற்பட்ட கால்வாய்களை வரிசையாக வைத்தால்தான் ஒரே ஓர் அலை அடங்கும்!

இந்தச் சிக்கலை உலகம் முழுவதும் ஆய்வுக்கூடங்கள் வெவ்வேறு வழிகளில் சமாளித்தன.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1972-இல் தொடங்கிய ஹின்ஸ்டேல் அலை ஆய்வுக்கூடம் இருக்கிறது. அதன் பெரிய கால்வாய் 104 மீட்டர் நீளம். 2000-களின் தொடக்கத்தில் அங்கே சுனாமிக்காகவே ஒரு பெரிய தொட்டி அமைத்தனர். நீளம் சுமார் 49 மீட்டர், அகலம் சுமார் 26 மீட்டர். ஓரிகன் கரைக்கு அப்பாலும் கடலடியில் ஒரு பெரிய பிளவு உண்டு. அது கடைசியாகப் பெயர்ந்தது 1700 ஜனவரி 26-இல். அந்த நாளைத் துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அதில் பிறந்த அலை பசிபிக்கைக் கடந்து ஜப்பானைத் தாக்கியதை அங்கிருந்தவர்கள் எழுதி வைத்ததுதான். அடுத்த பெயர்ச்சி எப்போது வந்தாலும் சமாளிக்க வேண்டுமே! ஆகவே கரையோரத்தில் உள்ள சீசைட் என்ற சிறுநகரைக் கட்டடம் கட்டடமாக 50-இல் ஒரு பங்கு அளவில் தொட்டிக்குள் அமைத்து, அலை தெருக்களில் எப்படி ஓடுகிறது என்று அளந்தனர். அலை முழுவதும் அடங்காவிட்டாலும், அதன் முன்பகுதி கட்டடங்களில் மோதும் விதத்தை அறிய இது போதும்.

இங்கிலாந்து ஆய்வாளர்கள் தள்ளுபலகையையே விட்டுவிட்டார்கள். கால்வாயின் முனையில் மூடிய பெட்டி ஒன்றை வைத்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சினார்கள். குடிநீர்க் குழலில் உறிஞ்சும்போது தண்ணீர் ஏறுவதுபோலப் பெட்டிக்குள் தண்ணீர் ஏறும். வால்வைத் திறந்து காற்றை உள்ளே விட்டால் அந்தத் தண்ணீர் நீண்ட அலையாக வெளியேறும். இதில் ஒரு நன்மை உண்டு. உறிஞ்சும்போது கால்வாயில் தண்ணீர் மட்டம் முதலில் இறங்கும், பிறகு உயரும். சுனாமிக்கு முன் கடல் உள்வாங்குவதை அப்படியே செய்து காட்டலாம்.

ஜெர்மனியின் ஹனோவரில் சுமார் 300 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் 7 மீட்டர் ஆழமும் உள்ள கால்வாய் இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் வி. ஸ்ரீராம், ஜெர்மானிய, ரஷ்ய ஆய்வாளர்களோடு சேர்ந்து அங்கே நீண்ட அலைகளை உருவாக்கும் சோதனைகளைச் செய்தார். தள்ளுபலகை எந்த நொடியில் எவ்வளவு நகர வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அந்தக் கால்வாயிலேயே சுனாமி போன்ற அலைகளை எழுப்பி, அவை சரிவில் ஏறும் உயரத்தை அளந்தனர். அந்த முடிவுகள் 2016-இல் வெளிவந்தன.

செடி அலையைத் தடுக்குமா?

சென்னையில் வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். 2004-க்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையில் எல்லோரும் பேசியது மரங்களைப் பற்றி. அடர்ந்த மரங்கள் இருந்த இடங்களில் சேதம் குறைந்தது என்றார்கள். எவ்வளவு குறையும்? மரங்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும்? பேராசிரியர்கள் வி. சுந்தர், கே. முரளி ஆகியோரும் அவர்களுடைய மாணவர்களும் வளையக்கூடிய தண்டுகளைக் கால்வாயில் வரிசையாக நட்டு, அவற்றின் ஊடே தண்ணீர் போகும்போது எவ்வளவு தடை ஏற்படுகிறது என்று அளந்தனர். தண்டுகளின் தடிமன், இடைவெளி, வளையும் தன்மை ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தனர்.

வளையும் தன்மை ஏன் முக்கியம்? தண்டின் நீளத்தைச் சுருக்கினால் மட்டும் போதாது. உண்மையான மரம் அலையில் எவ்வளவு வளையுமோ, மாதிரியும் அதே விகிதத்தில் வளைய வேண்டும். இரும்புக் கம்பியை நட்டால் அது வளையாமல் நின்று தவறான விடையைத் தரும்.

மணலுக்கும் இதே தொல்லை உண்டு. கடற்கரை மணல் 0.2 மில்லிமீட்டர் என்றால், 100 மடங்கு சுருக்கும்போது 0.002 மில்லிமீட்டர் ஆகிவிடும். அது மணல் அல்ல, களிமண்! களிமண் ஒட்டிக்கொள்ளும், மணல்போல உருளாது. ஆகவே தொட்டியில் எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கக் கூடாது என்று தெரிந்திருப்பதே இந்தத் துறையில் பாதி அறிவு. முடிந்த மட்டும் பெரிய தொட்டி கட்ட எல்லோரும் ஆசைப்படுவதற்கும் இதுவே காரணம். சென்னைக்கு வெளியே தையூரில் ஐ.ஐ.டி. மெட்ராஸின் புதிய வளாகத்தில் இன்னும் பெரிய அலைத்தொட்டி ஒன்று அமைக்கப்பட்டிருக்கிறது. துறைமுகங்களையும் நீர்வழிகளையும் ஆராயும் தேசிய மையமும் அங்கே 2023-இல் திறக்கப்பட்டது.

நம் பக்கத்தில்

இவ்வளவும் தூரத்தில் நடப்பவை என்று நினைக்க வேண்டாம். சித்தியவானிலிருந்து ஈப்போவுக்குப் பேருந்தில் போகும்போது செரி இஸ்கண்டாரைக் கடப்பீர்கள். அங்கே இருக்கும் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அலைத்தொட்டியும் அலைக்கால்வாயும் உள்ளன. கடலில் நிற்கும் எண்ணெய் மேடைகளையும் அலைதடுப்பு மிதவைகளையும் அங்கே மாதிரி செய்து சோதிக்கிறார்கள்.

பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொட்டி இல்லாமலேயே சுனாமியை ஆராய்ந்தார்கள். கணிதத் துறையின் கோ ஹோக் லாய், தே சு யியான் ஆகியோர் 'துனா' என்ற கணினி நிரலை உருவாக்கினர். கடலைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் எவ்வளவு உயரும், எந்தப் பக்கம் ஓடும் என்று கணக்கிடும் நிரல் அது. 2004 அலை பினாங்கை எப்படி அடைந்தது என்பதை அதில் கணக்கிட்டனர். அலையாத்திக் காடுகள், அதாவது நாம் 'பாக்காவ்' என்று சொல்லும் மரங்கள், பினாங்குக் கரையில் அலையை எந்த அளவுக்குக் குறைக்கும் என்றும் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டனர். காட்டின் அகலமும் அடர்த்தியும் கூடினால் பாதுகாப்பு கூடும். ஆனால் வரும் அலை எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தே அது அமையும் என்று கண்டனர். காடு இருந்தால் போதும், பயமில்லை என்று இருந்துவிட முடியாது.

நம் பேராக்கின் வடகரையில் சுமார் 40,000 ஹெக்டர் பரப்பில் மாத்தாங் அலையாத்திக் காடு இருக்கிறது. 1900-களின் தொடக்கத்திலிருந்து முறையாகப் பராமரிக்கப்படும் காடு அது. கரிக்கு மரம் வெட்டினாலும் வெட்டிய இடத்தில் மறுபடியும் நட்டு வளர்க்கிறார்கள். மீனுக்கும் நண்டுக்கும் நாற்றங்காலாக இருக்கும் அந்தக் காடு, கரைக்கும் ஒரு வேலி.

நமக்குக் கிடைத்த நான்கு மணி நேரம்

கட்டுரையின் முதல் கேள்விக்குத் திரும்புவோம். நீரிணையின் ஆழம் குறைவு. ஆகவே அலை மெதுவாக வந்தது. இயற்கை நமக்கு நான்கு மணி நேரம் தந்தது. அச்சே மக்களுக்கு அரை மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த நான்கு மணி நேரத்தில், அலை வருகிறது என்ற செய்தி நம் கடற்கரையில் இருந்தவர்களை எட்டவில்லை. 68 பேர் இறந்தது அதனால்தான். கணக்குத் தெரியாமல் போகவில்லை. அந்தச் சூத்திரம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது.

இன்று எச்சரிக்கை அமைப்பு இருக்கிறது. ஆனால் கடைசி நூறு மீட்டரை நாம்தான் ஓட வேண்டும். லுமுட், தெலுக் பாத்தேக், பங்கோர் என்று விடுமுறைக்குப் போகும் நீங்கள் நான்கு விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரையில் இருக்கும்போது நிலம் பலமாகவோ நீண்ட நேரமோ அதிர்ந்தால், அறிவிப்புக்காகக் காத்திருக்காமல் மேட்டுக்குப் போங்கள்.

கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால், மீன் பொறுக்கவோ படம் பிடிக்கவோ போகாதீர்கள். சுனாமியின் பள்ளம் முதலில் வந்திருக்கலாம்; அடுத்தது மேடு.

எந்த அறிகுறியும் இல்லாமலும் அலை வரலாம். தூரத்தில் நடந்த நிலநடுக்கத்தை நாம் உணராமல் போகலாம். எச்சரிக்கை ஒலி கேட்டால் அதை மதியுங்கள்.

முதல் அலை போனதும் திரும்பாதீர்கள். சுனாமி ஒரே அலை அல்ல. அடுத்தது இன்னும் பெரிதாக இருக்கலாம். இரண்டுக்கும் இடையே இருபது நிமிடமோ அரை மணியோ ஆகலாம்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டிலேயே ஓர் அலை ஆய்வுக்கூடம் அமைக்கலாம். தேவையானவை: சுமார் 40 சென்டிமீட்டர் நீளமுள்ள, அடி தட்டையான பிளாஸ்டிக் பெட்டி, ஓர் அளவுகோல், கைத்தொலைபேசியில் உள்ள நிறுத்துக் கடிகாரம்.

1. பெட்டியைச் சமமான தரையில் வைத்து, 1 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

2. ஒரு முனையை அரை சென்டிமீட்டர் மட்டும் தூக்கி, மெதுவாக இறக்குங்கள். ஓர் அலை மறுமுனைக்குப் போய்த் திரும்பி வரும்.

3. அலை பெட்டியை நான்கு முறை கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள்.

4. இப்போது தண்ணீரை 4 சென்டிமீட்டர் ஆழத்துக்கு உயர்த்தி, அதையே திரும்பச் செய்யுங்கள்.

சூத்திரத்தின்படி 1 சென்டிமீட்டர் ஆழத்தில் சுமார் 5.1 விநாடியும், 4 சென்டிமீட்டர் ஆழத்தில் சுமார் 2.6 விநாடியும் ஆக வேண்டும். ஆழம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்காகும்; நேரம் பாதியாகும். உங்கள் விடை இதிலிருந்து எவ்வளவு விலகுகிறது? ஏன் விலகுகிறது? தண்ணீர் பெட்டியின் அடியில் உரசுவதாலா, கடிகாரத்தை அழுத்தும் உங்கள் விரலாலா, பெட்டியை அதிகமாகத் தூக்கியதாலா? ஒரு தாளில் எழுதி, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டிப் பேசுங்கள். பிறகு அதே பெட்டியின் ஒரு முனையில் மணலைச் சரிவாகக் கொட்டி, அதன்மேல் குச்சிகளை நட்டு, அலை எதுவரை ஏறுகிறது என்று பாருங்கள். சென்னைக் கால்வாயில் பேராசிரியர்கள் கேட்ட கேள்வியை நீங்களும் கேட்கத் தொடங்கியிருப்பீர்கள்.